எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய்

வணக்கம் ஐயா,

போன வாரக் குறிப்பு ஒன்றில், "காப்பீட்டு அட்டையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் வைத்தியம் கிடைத்துவிடாது" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அட்டை கிடைக்காத இடத்தில் நிற்பவனுக்கு அந்த வரி எரிச்சலைத்தான் தருகிறது.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் சூப்பர்வைசர். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. போயிற்று. ஆண்டு வருமானம் 1,20,000-க்கு மேல் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமானச் சான்று கிடையாது. எங்கள் தெருவில் மாடி வீட்டுக்காரரிடம் அட்டை இருக்கிறது, அது வேறு கதை. தனியார் காப்பீடு விசாரித்தேன். அம்மாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் இருப்பதால் ஒரு கம்பெனி முடியாது என்றது. இன்னொன்று சொன்ன பிரீமியம் என் ஒன்றரை மாதச் சம்பளம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 ஒப்பந்தப்படி அரசு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கட்டும் பிரீமியம் 849 ரூபாய். அதற்கு 5 லட்சம் வரை காப்பீடு. ஏறக்குறைய 1.4 கோடிக் குடும்பங்கள் திட்டத்தில் இருக்கின்றன. ரேஷன் கார்டு 2.2 கோடி. மிச்சமிருக்கும் 80 லட்சம் குடும்பங்களையும் சேர்த்தால் கூடுதல் செலவு 680 கோடிதான். ஒரு பொங்கலுக்குக் கார்டுக்கு ஆயிரம் கொடுத்ததைவிடக் குறைவு. தாய்லாந்துக்காரர்கள் அவர்கள் காசில் 30 பாட் வாங்கிக்கொண்டு நாட்டுக்கே வைத்தியம் கொடுக்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது? நீங்கள் வேண்டாம் என்கிறீர்களா?

க., கரூர்

*

அன்புள்ள க.,

எரிச்சல் நியாயம்தான். அந்த வரியை ஒரு பத்தியாகவாவது எழுதியிருக்க வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெருக்கலிலும் தப்பில்லை. தப்பு அந்த 849-இல்தான் இருக்கிறது.

நூறு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 84,900 ரூபாய் சேரும். ஒரு பைபாஸ் அறுவைக்குத் திட்டத்தின் கட்டணமே ஒரு லட்சத்தை ஒட்டி வரும். நூறு குடும்பத்தில் ஒருவருக்கு பைபாஸ் நடந்தால் மற்ற 99 குடும்பமும் அந்த வருஷம் படுக்கவே கூடாது. ஆனாலும் திட்டம் ஓடுகிறது. எப்படி?

முதலில், படுத்தால்தான் அந்த அட்டைக்கு வேலை. காய்ச்சல், இருமல், சர்க்கரை, பி.பி. என்று தினமும் வரும் கூட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையமும் ஜி.எச்.சும் பார்த்துக்கொள்கின்றன. பிரசவங்களில் பெரும்பங்கும் அங்கேதான். அடுத்தது, திட்டத்தின் அறுவை சிகிச்சைகளில் கணிசமானவை அரசு மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. அங்கே டாக்டர் சம்பளம், நர்ஸ் சம்பளம், கட்டடம், கரண்ட் பில் எல்லாம் ஏற்கெனவே வேறு தலைப்பில் கொடுத்தாயிற்று. காப்பீட்டுப் பணம் மேலே ஊற்றிய நெய். மருந்தை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கித் தருகிறது. 2025-26 பட்ஜெட்டில் சுகாதாரத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. காப்பீட்டுப் பிரீமியம் அதில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. மிச்சப் பதினேழு பங்கு அடியில் தாங்குவதால்தான் அந்த ஒரு பங்கு இவ்வளவு மலிவாகத் தெரிகிறது.

ஆக, நீங்கள் பெருக்க வேண்டிய எண் 849 இல்லை. உங்கள் 80 லட்சம் குடும்பங்கள் வந்தால் அந்தப் பதினேழு பங்கும் விரிய வேண்டும். அதோடு, புதிதாக வருபவர்கள் ஏற்கெனவே இருப்பவர்களைப் போல நடந்துகொள்ளமாட்டார்கள். நாள் கூலி போய்விடுமே என்று குடலிறக்கத்தோடு மூன்று வருஷம் மூட்டை தூக்குபவர் பழைய பட்டியலில் இருக்கிறார். நீங்களும் நானும் அப்படியா? நெஞ்சு லேசாகப் பிடித்தால் கோயம்புத்தூருக்கு கார் எடுப்போம், ஆஞ்சியோ கேட்போம், தெரிந்தவரைப் பிடித்துத் தனி அறை கேட்போம். பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்திலும் நாம்தான் இருக்கிறோம். அடுத்த டெண்டரில் எந்தக் கம்பெனியும் 849-க்கு வராது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவுக்கு மாரடைப்பு. ஆபத்துக் கட்டம் தாண்டியபின், திட்டத்தின் பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க ஏற்பாடு. காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண் அட்டையையும் ரேஷன் கார்டையும் வாங்கி, ஈ.சி.ஜி.யை ஸ்கேன் செய்து ஏற்றினார். "ப்ரீ-ஆத் போட்டிருக்கேன், அப்ரூவல் வரட்டும் சார்." ப்ரீ-ஆத் என்றால் முன் அனுமதி. காலை பத்தரைக்குப் போட்டது, மாலை ஐந்துக்கு வந்தது. அதுவரை எல்லாம் சரி. பிறகு இன்னொருவர் வந்து, ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் 18,000 என்று எழுதிக் காட்டினார். மெட்டீரியல் சார்ஜாம். பில் கேட்டேன். "கார்டு பேஷன்ட்டுக்கு பில் வராது சார்" என்றார், ஏதோ கார்டு பேஷன்ட்டுக்குத் தரும் சலுகையைச் சொல்வது போல. சித்தி கையிலிருந்த வளையல் அன்று சாயங்காலமே அடகுக்குப் போனது.

அவர்கள் வாங்கியது தப்பு, நான் புகார் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, அதுவும் என் தப்பு. ஆனால் பின்னால் அதே மருத்துவமனையின் மேலாளரிடம் பேச வாய்த்தபோது அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "இந்த பேக்கேஜ் ரேட் போட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அதுவும் எப்போ கைக்கு வரும்னு தெரியாது."

பேக்கேஜ் ரேட் என்பது ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று திட்டம் வைக்கும் கட்டணம். அதைத் தாழ்த்தி வைத்தால் நோயாளியின் மடியில் கைவைப்பார்கள், இல்லையென்றால் திட்டத்தைவிட்டு வெளியேறுவார்கள். ஹரியானாவில் 2025 ஆகஸ்டில் பாக்கி வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் மத்திய அரசுக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டைக்காரர்களைச் சேர்ப்பதையே நிறுத்தின. உயர்த்தி வைத்தால் வேறு வியாதி. எந்த அறுவைக்கு நல்ல காசோ அந்த அறுவை பெருகும். சத்தீஸ்கரில் 2012-இல் வெடித்த கருப்பை அகற்றும் விவகாரம் நினைவிருக்கிறதா? ஏழைகளுக்கான 30,000 ரூபாய் ஸ்மார்ட் கார்டுத் திட்டத்தின் கீழ், தேவையில்லாத பெண்களுக்கெல்லாம் கருப்பையை எடுத்துவிட்டு பில் போட்டார்கள் என்பது புகார். ஆந்திராவின் காப்பீட்டுத் திட்டமான ஆரோக்கியஸ்ரீயில் அந்த அறுவையைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று மாற்ற வேண்டியிருந்தது. கண்காணிப்பது லேசான வேலை இல்லை. 2023-இல் தணிக்கைத் துறை மத்திய அரசின் அந்த ஆயுஷ்மான் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது, ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் இருந்தார்கள். உங்கள் மாடி வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை.

விலையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவுக்கு வைத்த மருந்து பூசிய ஸ்டென்ட் வகை ஒரு காலத்தில் லட்சத்துக்கு மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் 29,600 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்றது. காப்பீடு இருப்பவர், இல்லாதவர், எல்லோருக்கும் ஒரே நாளில் விலை இறங்கியது. அதற்கு யாரும் யாருக்கும் பிரீமியம் கட்டவில்லை. காப்பீட்டு விவாதங்களில் இந்த மாதிரிக் காரியங்களை ஏன் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

தாய்லாந்துக்கு வருகிறேன். 30 பாட் என்பது நோயாளி கொடுத்தது. அரசு கொடுத்தது? தொடக்கத்தில் ஒரு தலைக்கு ஆண்டுக்கு 1,202 பாட். அன்றைய மதிப்பில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல், 2002-இல், ஒரு ஆளுக்கு. நம்முடைய 849, 2022-இல், ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் கணக்கில் சம்பளமும் வெளிநோயாளி வைத்தியமும் அடக்கம், அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக்கூடாதுதான். ஆனால் நான் சொல்ல வருவதே அதுதானே. அவர்கள் முழு விலையை ஒரே இடத்தில் எழுதினார்கள். இன்று அந்தத் தலைக்கு இவ்வளவு என்ற தொகை மூன்று மடங்குக்கும் மேலே போய்விட்டது, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இழுபறிதான்.

அதைவிட முக்கியம், பிரதமர் தாக்சின் அந்த 30 பாட் வாக்குறுதியோடு 2001-இல் ஆட்சிக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. 1980-களில் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கான புதுக் கட்டட நிதியை நிறுத்திவைத்து, மாவட்டங்களில் சின்ன ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். படித்து வரும் டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அப்படிக் கிராமத்தில் வேலை பார்த்த மருத்துவர் சங்குவான் நித்தியாரம்போங்தான் திட்டத்தின் மூளை. அவர்கள் பணம் கொடுக்கும் முறையும் வேறு. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு உங்கள் பெயரில் பணம் போய்விடும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். உங்களைப் படுக்கவைத்தால்தான் காசு என்ற நிலை இல்லை. உள்நோயாளிச் செலவுக்கும் நாடு முழுமைக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு.

உங்களைப் போன்றவர்களுக்கு டெல்லியில் ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். விடுபட்ட நடுத்தட்டு. 2021-இல் மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் எழுதிய அறிக்கையின்படி நாட்டில் குறைந்தது 30 சதவீதம், 40 கோடிப் பேர். விரும்பியவர்கள் காசு கட்டிச் சேர்ந்துகொள்ளட்டும் என்பது அங்கே சொல்லப்படும் வழிகளில் ஒன்று. ஏலச்சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதன் வில்லங்கம் தெரியும். முதல் மாதமே சீட்டை எடுத்தே தீரவேண்டியவர்கள் மட்டும் சேர்ந்தால் அந்தச் சீட்டு எத்தனை மாதம் ஓடும்? உடம்புக்கு முடியாதவர்கள் ஓடிவந்து சேருவார்கள், தெம்பாக இருப்பவர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள், பிரீமியம் ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலகுவார்கள். ஈ.எஸ்.ஐ. 1952-இலிருந்து நிற்கிறதென்றால், சம்பளத்தில் 0.75 சதவீதத்தை உங்களைக் கேட்காமலே பிடிக்கிறார்கள், முதலாளியிடம் 3.25 வாங்குகிறார்கள் என்பதுதான் காரணம். ஆனால் பெட்டிக்கடைக்காரரிடம், ஆட்டோ ஓட்டுபவரிடம், எந்தச் சம்பளத்திலிருந்து பிடிப்பது? அவர்களுக்கு வரிப்பணம்தான். நம் திட்டத்தின் பிரீமியத்தில் மத்திய அரசு தன் பங்கைத் தருவது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் வந்த குடும்பங்களை வைத்து. அதற்கு மேல் மாநிலம் சேர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் மாநிலத்தின் தலையில்.

என்னைக் கேட்டால், வருமான வரம்பை எடுத்துவிடலாம், ஆனால் முதலில் அரசு மருத்துவமனைகளில் மட்டும். 2.2 கோடிக் கார்டும் அங்கே செல்லட்டும். காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போகட்டும். ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் பழுதானால் யாரையும் கேட்காமல் அவர்களே சரிசெய்துகொள்ளும் அளவுக்குப் போகட்டும். நடுத்தட்டு ஜனங்கள் ஜி.எச். வராந்தாவில் நாற்காலி கேட்டுச் சண்டை போட ஆரம்பித்தால் நாற்காலி வரும் என்ற ஆசையும் எனக்கு உண்டு. தனியாருக்கு விரிப்பதை, நியாயமான கட்டணமும் முப்பது நாளுக்குள் பட்டுவாடாவும் உறுதியான பிறகு பார்க்கலாம். இது உங்களுக்கு மெதுவாகத் தெரியும். எனக்கும்தான்.

இன்னொன்று. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டில் வைத்தியத்துக்குச் செலவாகும் நூறு ரூபாயில் 39 ரூபாய் இன்னும் மக்கள் பையிலிருந்துதான் போகிறது. அதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அல்ல, மெடிக்கல் ஷாப்புக்கு. சித்தப்பாவின் ஸ்டென்ட்டுக்கு அட்டை காசு கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் தினமும் விழுங்கும் நாலு மாத்திரைக்கு அது ஒரு பைசா தந்ததில்லை. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். நாளைக்கே உங்களுக்கு அட்டை கிடைத்தாலும் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு அது செல்லாது.

அந்த மாத்திரையை அரசிடம் வாங்க வருமானச் சான்று வேண்டாம். அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், கர்ப்பிணிகள் கூட்டம். புதன்கிழமை தடுப்பூசி, பிள்ளைகள் அழுது ஆளை அடித்துவிடும். வியாழன் காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். ஒருமுறை பதிந்துவிட்டால், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்களா என்று அங்கேயே கேளுங்கள். முதல் தடவை மாத்திரையின் நிறம் வேறாக இருக்கிறது என்று அம்மா சந்தேகப்படுவார். சித்தப்பாவும் பட்டார். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் மருந்தின் பெயரை டாக்டர் சீட்டோடு ஒத்துப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள்.