கால் புண்ணுக்குக் கிராம்பு எண்ணெய்: கடலூர் நண்பருக்குப் பதில்

வணக்கம். சர்க்கரை நோயுள்ள உங்கள் தாயாரின் பாதப் புண் ஒரு வாரமாகியும் ஆறவில்லை என்றும், கிருமிகளைக் கொல்லும் என்று படித்த கிராம்பு எண்ணெயை அப்படியே தடவலாமா என்றும் கடலூர் முதுநகரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தடவாதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யன்று. கிராம்பிலுள்ள யூஜெனாலும் ஓமத்திலுள்ள தைமாலும் கொழுப்பில் கரைபவை என்பதால், பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்து, உள்ளிருக்கும் அயனிகளைக் கசியச் செய்கின்றன. ஆனால் இத்தகைய முடிவுகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில், எண்ணெயில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து பெறப்பட்டவை. சீழும் புரதமும் நிறைந்த புண்ணில் அந்த வீரியம் குறைந்துவிடும். அதிலும், நாட்பட்ட புண்களில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால், அவை எளிதில் மடிவதில்லை.

எனக்குப் பெருங்கவலை தருவது வேறு. செறிவான யூஜெனால் திசுவையே புண்ணாக்கும். பல்வலிக்கு அதை வைப்பது, அது நரம்பை மரத்துப்போகச் செய்வதால்தான். சர்க்கரை நோயால் ஏற்கெனவே உணர்வு குன்றியிருக்கக்கூடிய பாதத்தில், எண்ணெய் பொசுக்குவதும் தெரியாது, சீழ் உள்ளே பரவுவதும் தெரியாது.

இன்றே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். அதுவரை சுத்தமான நீரில் கழுவி, தூய துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ கருமையோ தென்பட்டால், இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.