கடன் வாங்கி லேமினேட் தரை போடலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் எங்களுக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது. மொசைக் தரை மங்கிவிட்டதால் ஹால், இரண்டு படுக்கையறைகள் சேர்த்து 650 சதுர அடிக்கு லேமினேட் போட நினைக்கிறோம். பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் வாடகைக்கு எடுத்து டியூஷன் சென்டர் நடத்துகிறேன். அங்கே 350 சதுர அடி. சதுர அடி 150 ரூபாய் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. 1,50,000 ரூபாயை 14% வட்டியில் 3 வருட பர்சனல் லோனாக வாங்கலாமா? வரிச்சலுகை உண்டு என்கிறார் கடைக்காரர். அவசரத்துக்கென்று 90,000 ரூபாய் எஃப்டி வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: வீட்டுக்கு வேண்டாம் சகோதரி. டியூஷன் சென்டருக்குப் போடலாம். ஆனால் கடன் வாங்காமல், பத்து மாதம் பொறுத்துப் போடுங்கள்.

முதலில் கடன் கணக்கு. நீங்கள் சொல்லும் லோனுக்கு மாதம் சுமார் 5,127 ரூபாய் இஎம்ஐ. 36 மாதத்தில் வட்டி மட்டும் 34,500 ரூபாயைத் தாண்டும். அதாவது 150 ரூபாய் தரை உங்களுக்கு 184 ரூபாய்க்கு வந்து சேரும். பிராசஸிங் கட்டணம் இதில் சேரவில்லை.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் வீடு இருக்கும் இடம்தான். லேமினேட்டில் மேலே தெரிவது மரத்தின் படம் அச்சிட்ட காகிதம். அதன்மேல் மெலமைன் பூச்சு. உள்ளே இருப்பது மர நாரை அழுத்திச் செய்த பலகை. மேல்பூச்சு தண்ணீரைத் தாங்கும், பலகையின் ஓரம் தாங்காது. 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொசைக் தரையில் தண்ணீர் புகுந்தால் வடிந்தபிறகு கழுவிவிடலாம். லேமினேட்டை அள்ளி வெளியேதான் போட வேண்டும். தரைத்தளம் என்பதால் கரையான் பயம் வேறு.

வெள்ளம்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் மாடி அறை ஒன்றுக்கு லேமினேட் போட்டிருந்தோம். ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் சுவரோரமாகச் சொட்டியிருக்கிறது. நாங்கள் பார்க்க ஒரு வாரம் ஆகிவிட்டது. பலகைகள் சேரும் இடமெல்லாம் வரிவரியாக உப்பி, வெறுங்காலில் நடந்தால் தட்டியது. காய்ந்தபிறகும் அமுங்கவில்லை. கெட்டது நான்கே பலகைதான். ஆனால் அதே டிசைன் கடைகளில் நின்றுபோயிருந்ததால் அறை முழுவதும் மாற்ற வேண்டிவந்தது. தினமும் ஈரத்துணியால் மாப் போடும் வீடு, பண்டிகைக்கு முன் வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் வீடு என்றால் யோசியுங்கள்.

உங்கள் மொசைக்கை மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். நல்ல மொசைக் அது ஒன்றிலேயே பளிச்சென்று திரும்பிவிடும். மரத் தோற்றம்தான் வேண்டும் என்றால் மரக்கோடு போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் இருக்கிறது.

டியூஷன் சென்டர் விஷயம் வேறு. மாடி, தண்ணீர்ப் புழக்கம் இல்லை. லேமினேட்டைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. ஃபோம் விரித்து ஒன்றோடொன்று கோத்துப் போடுவதால் பழைய தரைக்குச் சேதம் வராது. காலி செய்யும்போது கழற்றியும் எடுக்கலாம். ஆனால் அந்த அறைக்கு அளந்து வெட்டிய பலகை இன்னோர் அறைக்கு அப்படியே பொருந்தாது. வாடகை இடத்துக்குச் செலவு செய்யுமுன் எத்தனை வருடம் அங்கே இருப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 52,500 ரூபாய் செலவழித்து ஒரே வருடத்தில் காலி செய்தால் மாதம் 4,375 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்த மாதிரி. ஐந்து வருடம் இருந்தால் அதுவே மாதம் 875 ரூபாய். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று வருடத்துக்காவது எழுதச் சொல்லுங்கள். தரை போட அனுமதியும், அது உங்கள் பொருள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அதுவரை அந்த 5,127 ரூபாய் இஎம்ஐயை ஆர்டியாகக் கட்டுங்கள். பத்து மாதத்தில் 51,270 ரூபாய். வட்டியோடு தரைச் செலவுக்குச் சரியாக வரும். எஃப்டியைத் தொடாதீர்கள்.

வரிச்சலுகை பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. குடியிருக்கும் சொந்த வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறையில் கிடையாது. டியூஷன் சென்டர் செலவுக்கு வரிக் கணக்கில் தேய்மானம் (செலவை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் கழிப்பது) காட்டலாம். வருமானத்தில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் வரி கட்டுகிறீர்கள் என்றால் அதையும் தனியாகக் கழிக்க முடியாது.

கொட்டேஷனை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். ஃபோம், ஸ்கர்ட்டிங் (சுவரோரப் பட்டி), வாசல் பட்டி, கதவின் அடியைச் சீவும் ஆசாரி கூலி, வெட்டுச் சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் அந்த 150-க்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். '12 எம்எம் என்றால் ரொம்ப உழைக்கும்' என்பார்கள். தேய்மானத்தைத் தாங்குவது தடிமன் இல்லை, மேல்பூச்சு. பெட்டியில் ஏசி4 (AC4) என்று தேய்மானத்தைத் தாங்கும் தரம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பிள்ளைகள் நாற்காலியை இழுத்து இழுத்துப் போடும் இடத்துக்கு அது வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் சாம்பிள் துண்டு வாங்கி, ராத்திரி முழுக்க டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் ஓரத்தைத் தடவிப் பார்த்து, குறைவாக உப்பியதை எடுங்கள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.