மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே விதைப்பு போதுமா, சோளம் நல்லதா கம்பு நல்லதா?

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல் காடு, கிணற்றில் கொஞ்சம் தண்ணீர், மூன்று கறவை மாடு. வீட்டுக் கஞ்சிக்கும் மாட்டுத் தீனிக்கும் ஒரே விதைப்பில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் எருத்தேம்பதிப் பக்கம்தான், அதே கரிசல், அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, அதனால் எங்கள் காட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

இரண்டும் கிடைக்கும், ஆனால் ஒன்று கூடினால் மற்றது குறையும். கதிர் முற்றும்வரை விட்டால் தண்டில் இருக்கிற சத்தெல்லாம் மணிக்கு ஏறிவிடும், தட்டு நாராகிப் போகும். பூவெடுக்கும்போதே அறுத்தால் மாடு அடித்தண்டு வரைக்கும் மிச்சம் வைக்காமல் தின்னும், பாலும் கூடும், ஆனால் உங்களுக்கு ஒரு பிடி மணி தேறாது. விதை அளவே இதற்குத் தகுந்த மாதிரி மாறும்: மணிக்கு என்றால் ஏக்கருக்கு 4 கிலோ சோளம் போதும், ஒரே அறுப்புத் தீவனத்துக்கு 15 கிலோ வரை நெருக்கி விதைப்போம், அப்போதுதான் தண்டு பென்சில் கனத்தில் மெலிசாக வரும்.

எங்கள் தாத்தா நாட்டுச் சோளம்தான் போடுவார், ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். கதிரை முதலில் கொய்துவிட்டு, தட்டை அறுத்துக் காயப்போட்டுப் போர் போட்டால் அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்கு அதுதான். 1964-ல் சி.எஸ்.எச்.-1 என்ற முதல் ஒட்டுச்சோளம் இந்தியாவில் வெளியானது. மணி அதிகம், ஆனால் பயிர் குட்டை. அது எங்கள் பக்கம் வந்தபோது தாத்தா கேட்ட ஒரே கேள்வி, "மணி சரி, மாட்டுக்கு என்ன போடுறது?" இன்றைக்கும் மாடு வைத்திருக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சோளம் வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்தி வைக்கும், ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த இளந்துளிரில்தான் நஞ்சு அதிகம். மாடு மெல்லும்போது அதிலிருந்து சயனைடு வெளியாகும். ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்னால் அறுத்த சோளக்கட்டையில் முழங்கால் உயரம்கூட இல்லாத துளிரை எங்கள் செவலை மாடு கயிறு அவிழ்ந்துபோய் மேய்ந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், மூச்சு வாங்கிக்கொண்டே கால் மடங்கி விழுந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தால் செக்கச்செவேலென்று இருந்தது. கால்நடை மருத்துவர் பக்கத்து வீட்டில் வேறு மாட்டுக்கு வந்திருந்தார், ஓடிப்போய் கூட்டிவந்தோம், நரம்பில் மருந்து ஏற்றியதால் பிழைத்தது. அவர் அன்றைக்கு அங்கே இருந்திருக்காவிட்டால் மாடு போயிருக்கும். அதனால் பச்சைச் சோளம் என்றால் பூவெடுத்த பிறகு மட்டும் போடுங்கள், வாடிநின்று மழைக்குத் துளிர்த்ததைப் போடவே வேண்டாம், பசியோடு இருக்கிற மாட்டை அந்தப் பக்கமே விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த தட்டில் பயம் இல்லை.

கம்பில் இந்தச் சயனைடு தொல்லை கிடையாது. மணல் கலந்த மேட்டு நிலத்திலும் வரும், 85, 90 நாளில் கதிர் கைக்கு வந்துவிடும், கம்மங்கூழுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் காய்ந்த கம்பந்தட்டை மாடு சோளத்தட்டு அளவுக்கு விரும்பாது, மழைத்தண்ணீர் தேங்கினாலும் கம்பு தாங்காது.

நான் செய்வது, உங்களுக்கும் சொல்வது இதுதான். ஒரு ஏக்கரில் மழையை நம்பி உயரமான சோளம், அது மணிக்கும் காய்ந்த தட்டுக்கும். கிணற்றடியில் அரை ஏக்கர் பச்சைத் தீவனத்துக்கு. அதில் பாதி கோ எஃப்.எஸ். 29 என்ற, பல தடவை அறுக்கிற தீவனச்சோளம், கோவை வேளாண் பல்கலைக்கழக ரகம், 65-ஆம் நாள் முதல் அறுப்பு, அப்புறம் 50 நாளுக்கு ஒரு தடவை. அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற மறுதாம்பு என்பதால் அதையும் பூ பார்த்துத்தான் அறுக்க வேண்டும். மீதி பாதியில் கம்பு நேப்பியர். கம்பையும் யானைப்புல்லையும் சேர்த்து எடுத்த ஒட்டு, விதை பிடிக்காது, கரணை, அதாவது தண்டுத் துண்டு, வாங்கித்தான் நட வேண்டும். அதை மட்டுமே போட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும், தட்டைப்பயறோ அகத்தியோ கலந்து போடுங்கள்.

விதையைப் பாலக்காட்டுக் கடையில் வாங்கினால் "மணிச்சோளம்" என்று கேளுங்கள். மலையாளத்தில் வெறும் சோளம் என்றால் பெரும்பாலும் மக்காச்சோளத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.