பக்திக் கவிதைகளில் ஏன் இத்தனை பயணங்கள்?

கடவுள் எங்கும் இருக்கிறார் என்றால், பக்திக் கவிதைகள் ஏன் அவரைத் தேடி நடக்கின்றன? நல்ல கேள்வி. அந்தத் தூரம் நடப்பவரின் மனத்தில் இருக்கிறது. தமிழில் ‘நெறி’ என்ற ஒரே சொல் பாதைக்கும் ஒழுக்கத்துக்கும் பொருந்துவதைப் பாருங்கள். ‘ஆறு’ என்றாலும் வழிதான். பரிசில் பெற்றவர் இன்னொருவருக்கு வழி சொல்லி வள்ளலிடம் அனுப்பும் பாடல் வகைதான் ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையில் வள்ளல் முருகன், பரிசில் அவன் அருள். வழி சொல்பவர் ஏற்கெனவே போய் வந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம்.

அப்புறம், பாரசீகச் சூஃபிக் கவிஞர் அத்தார். அவருடைய காவியத்தில் பறவைகள் ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து தங்கள் அரசன் சீமுர்கைத் தேடிப் போகின்றன. கடைசியில் போய்ச் சேர்வது 30 பறவைகள் மட்டுமே. பாரசீகத்தில் ‘சீ முர்க்’ என்றாலே முப்பது பறவைகள்! தேடிப் போனது தங்களையேதான்.