பாடகர் புக் பண்றதுக்கு முன்னாடி பெர்மிட் யார் பேர்லன்னு கேளுங்க

கேள்வி: சார், மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எங்க தோட்டக் கோயில் திருவிழாவுக்கு தமிழ்நாட்டுலருந்து ஒரு பாடகர கூப்பிடலாம்னு கமிட்டில பேசிருக்கோம். ஏஜென்ட் சொல்றாரு, சும்மா சுத்திப் பாக்க வர்ற பாஸ்லயே வந்து நாலு பாட்டு பாடிட்டுப் போயிடலாம், டிக்கெட் விக்கலல்ல, யாரு கேக்கப் போறான்னு. நம்பலாமா? (கமிட்டி செயலாளர்)

பதில்: நம்பாதீங்க தம்பி. அந்த பாஸ்ல வந்தவரு மேடையேறினா அது பாஸ தப்பா பயன்படுத்துறது, 1963 இமிகிரேஷன் விதிமுறைப்படி குத்தம், மாட்டிக்கிறது அந்தப் பாடகர், கூட்டிட்டு வந்த நீங்களும் பதில் சொல்லணும். முறையான வழி இதுதான், மொதல்ல புஸ்பால் அனுமதி, அதாவது வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிக்கும் படப்பிடிப்புக்கும் அனுமதி பாக்குற கமிட்டி, அது கெடச்சப்புறம் இமிகிரேஷன்ல பாஸ் லாவாத்தான் இக்திசாஸ், அதாவது தொழில்முறையா வர்றவங்களுக்கான வருகை பாஸ். நடுவுல நெறைய பேரு மறந்துடுற ஒண்ணு வரி. வெளிநாட்டுக் கலைஞருக்குக் குடுக்குற சம்பளத்துல 15 சதவீதம் புடிச்சு வருமான வரி இலாகாவுக்குக் கட்டணும், அதுவும் பாஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே. 10,000 வெள்ளி (ரிங்கிட்) பேசினா 1,500 வெள்ளி. "கையில முழுசா 10,000 வேணும்"னு பாடகர் சொன்னா அந்த 1,500 கோயில் உண்டியல்லருந்துதான் போகும், அதனால வெல பேசுறப்பவே இத எடுத்து வைங்க.

டிக்கெட் இல்லன்னா லைசென்ஸ் வேணாம்னு சொல்றதும் தப்புதான். சிலாங்கூர்ல 1995ஆம் வருஷத்து கேளிக்கைச் சட்டம் இருக்கு, பொதுமக்கள் வர்ற எடத்துல ஆட்டம் பாட்டு வைக்கணும்னா கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துல கேக்கணும், உள்ளூர் ஆர்கெஸ்ட்ரான்னாலும் இதேதான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் நேர்ல போய் சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு கமிட்டி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினப்புறம்தான் பெர்மிட் கேக்கவே போனாங்க, கடைசி நேரத்துல பந்தல் போட்ட காசும் போச்சு பாடகரும் வரல, அந்தப் பெரியவங்க மொகத்த பாக்க மனசு தாங்கல. ஏஜென்ட் எல்லாம் முடிச்சாச்சுன்னு சொன்னா, அனுமதிக் கடுதாசி நகல கையில வாங்கிப் பாத்துட்டு அப்புறம் போஸ்டர் அடிங்க.

கேள்வி: மக கல்யாணத்துக்கு ஒரு பேண்டு குரூப்புக்கு 800 வெள்ளி அட்வான்ஸ் குடுத்தேன், அன்னிக்கு யாருமே வரல. எழுதி ஒண்ணும் வாங்கல, எல்லாம் வாட்சாப்லதான். பணம் திரும்ப வருமா? (ஒரு தாய்)

பதில்: அக்கா, எழுத்துல இல்லன்னு மனச விட்டுடாதீங்க. 1950 ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், வாட்சாப் மெசேஜும் பேங்க் ரசீதும் சாட்சி, ஒண்ணையும் அழிச்சிடாதீங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல, நடந்ததுலருந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். மொதல்ல அவங்களுக்கு தேதி போட்டு, இத்தன நாளுக்குள்ள திருப்பிக் குடுங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த தடவ ஒரே பக்கம் போதும்: யாரு பாடுறாங்க, எத்தன மணி நேரம், சவுண்டு சிஸ்டம் யாரோடது, வரலன்னா அட்வான்ஸ் எத்தன நாள்ல திரும்பும், ரெண்டு பேரு கையெழுத்து. பேர எழுதாம விட்டா வேற ஆள அனுப்பிட்டு "குரூப் வந்துச்சே"ன்னு சொல்லுவாங்க, இந்த மாதிரி புகார் எனக்கு அடிக்கடி வருது.

கேள்வி: பாலாய் ராயாவுல (ஊர்ப் பொது மண்டபம்) தீபாவளி நிகழ்ச்சி, சினிமா பாட்டுதான் பாடுவோம், அதுக்கும் காசு கட்டணுமா? (இளைஞர் மன்றத் தம்பி)

பதில்: பொது எடத்துல பாடினா 1987 காப்புரிமைச் சட்டம் வருது தம்பி. மேடையில பாடுற பாட்டுக்கு, அத எழுதினவங்க இசையமைச்சவங்க சார்புல காசு வசூலிக்கிற எம்ஏசிபிங்கிற அமைப்புகிட்ட லைசென்ஸ் எடுக்கணும், டிஜே பதிவு பண்ண பாட்டு போட்டா இசைத்தட்டு கம்பெனிங்க சார்புல வசூலிக்கிற பிபிஎம்மும் சேரும். பாட்டு பட்டியலோட முன்கூட்டியே கேளுங்க. ஆர்கெஸ்ட்ராகாரங்க பாத்துக்குவாங்கன்னு விட்டுடாதீங்க, நிகழ்ச்சி நடத்துறது உங்க மன்றம்.