அன்பு இருந்தும் உடல் ஏன் இறுகுகிறது?

தேவிபட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: திருமணமாகி எட்டு மாதம், கணவர்மேல் பிரியம் உண்டு, ஆனாலும் அவர் நெருங்கினால் உடல் இறுகுகிறதே, ஏன் என்று.

கடல் மேலே அமைதியாகக் கிடந்தாலும் அடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்குமல்லவா, அப்படித்தான். மறதி நோயாளி ஒருவரைப் பற்றி சுவிஸ் மருத்துவர் கிளாபரேட் 1911இல் எழுதினார். கைகொடுக்கும்போது மறைத்து வைத்த ஊசியால் குத்தினார். நடந்தது நோயாளிக்கு நினைவில்லை. ஆனாலும் மறுமுறை கையை நீட்ட மறுத்தார். அச்சத்தின் தடம், மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் தனியாகப் பதிகிறது. 'உடம்பு என்றாலே அசிங்கம்' என்று கேட்டு வளர்ந்ததும் இப்படித் தங்கிவிடலாம். இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை.

முதல் சில வாரம் உடலுறவே வேண்டாம் என இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மாறி மாறி 15 நிமிடம் கை, முதுகு மட்டும் தொடுங்கள். 'இன்றைக்கு மட்டும்' என்று எல்லை தாண்டினால் பழைய பயம் மறுபடி வலுக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். வலி இருந்தால் முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, இலவசம்.