கேள்வி பதில்: திடப்பொருளுக்குள் ஓடும் வெள்ளி

கேள்வி: 'சூப்பர் அயானிக் படிகம்' என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உப்புக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும் திடப்பொருளுக்குள் அயனிகள் எப்படி ஓடும்? உருகினால்தானே ஓட முடியும்?
– வேதியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: சமையல் உப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. அதில் ஒவ்வொரு அயனிக்கும், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவுக்கும், ஒரு இருக்கை, எல்லா இருக்கையிலும் ஆள். எங்காவது ஒரு இடம் காலியாக இருந்தால்தான் பக்கத்து அயனி நகர முடியும், அப்படிப்பட்ட காலியிடமோ மிகவும் அபூர்வம்.

திடமாக இருந்துகொண்டே அயனிகளைத் தாராளமாக ஓடவிடும் பொருள்தான் சூப்பர் அயானிக் படிகம். உதாரணமாக, வெள்ளியும் அயோடினும் சேர்ந்த சில்வர் அயோடைடைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் வெளிர் மஞ்சள் தூள், மின்சாரத்தைக் கடத்துவது சொற்பம்தான். 147 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதன் கடத்துதிறன் ஒரே தாவலில் பல ஆயிரம் மடங்கு ஏறிவிடுகிறது, பொருள் இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. உருக வைக்க மேலும் 400 டிகிரி போல சூடேற்ற வேண்டும். அப்படி உருகும்போது கடத்துதிறன் கூடுவதில்லை, சற்றுக் குறைகிறது! உருகினால்தான் ஓடும் என்ற எண்ணத்தை இந்த ஒரு தகவலே மாற்றிவிடும்.

147 டிகிரியில் பெரிய உருவம் கொண்ட அயோடைடு அயனிகள் வரிசை மாறி, கனசதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் அமர்கின்றன. அவற்றுக்கு இடையே நான்முகி வடிவ இடுக்குகள் உருவாகும். ஒரு அலகுக்கூட்டுக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கனசதுரத்துக்கு) இப்படி 12 இடுக்குகள், அங்கே இருக்கவேண்டிய வெள்ளி அயனிகளோ வெறும் 2. எல்லா இடுக்கும் ஒரே மாதிரிதான் என்பதால் இதுதான் என் இடம் என்று எந்த வெள்ளி அயனிக்கும் ஒன்று கிடையாது.

ஒரே ஒரு வெள்ளி அயனியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நான்கு அயோடைடுகளுக்கு நடுவே அது துடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த இடுக்குக்குப் போகும் வழி, மூன்று அயோடைடுகள் சேர்ந்த ஒரு முக்கோணச் சந்து, சாதாரணமாக நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். ஆனால் சூட்டில் அந்த மூன்றும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன, அயோடைடின் எலக்ட்ரான் மேகமும் நெகிழ்ந்து கொடுக்கும் வகை, அதனால் சந்து கொஞ்சம் அகலும் கணத்தில் வெள்ளி அந்தப் பக்கம் போய்விடுகிறது. சில பிக்கோ நொடிகள் (ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு) அங்கே, அப்புறம் அடுத்த இடுக்கு. அயோடைடு கட்டடம் அப்படியே நிற்க, வெள்ளி மட்டும் திரவம் போலத் திரிகிறது. பாதி உருகிய படிகம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓடுவது எலக்ட்ரான் இல்லை, வெள்ளிதான் என்று எப்படித் தெரியும்? 1914-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் கார்ல் டூபாண்டும் லோரென்ஸும் இந்தத் தாவலை அளந்து சொன்னார்கள். பிறகு டூபாண்ட் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சில்வர் அயோடைடை அழுத்தி வில்லைகளாக்கி, அடுக்கி, இரண்டு பக்கமும் மின்வாய் வைத்து மின்சாரம் செலுத்தினார், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டார். நேர்மின்வாயாக வைத்த வெள்ளியில், செலுத்திய மின்சாரத்துக்கு ஃபாரடே விதிப்படி எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது. எதிர்மின்வாய்ப் பக்கம் அதே அளவு கூடியிருந்தது. நடுவில் இருந்த வில்லைகளின் எடையில் மாற்றமே இல்லை. அதாவது மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போனது வெள்ளிதான். அதைக் காட்ட ஒரு தராசு போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சூட்டில்தான் வேலை செய்யும் என்றால் அன்றாட வாழ்க்கையில் என்ன பயன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: சூடே சாதகமாகும் இடமும் உண்டு. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குள் இட்ரியம் சேர்த்த சிர்க்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது, சூடேறியதும் அதற்குள் ஆக்சைடு அயனிகள் நகரும். சூடே வேண்டாம் என்றால், ரூபிடியம் என்ற உலோகமும் கலந்த சில்வர் அயோடைடு அறை வெப்பநிலையிலேயே நன்றாகக் கடத்தும் என்று 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளி விலை அதிகம், கனமும் அதிகம், அதனால் பேட்டரிக்காரர்களின் கவனம் இப்போது லித்தியம் ஓடும் படிகங்கள் மேல். 2011-ல் ஜப்பானில் கண்டறிந்த ஒரு லித்தியம் சல்பைடுப் படிகம், பேட்டரிகளில் ஊற்றும் திரவத்துக்கு ஈடாகவே கடத்தியது.